சிவப்பு நூலில் தைத்த பை

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தையற்கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். உரிமையாளர் ஹெர்மெலிந்தா வெட்டு மேசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். திருவிழா ஆட்டக்காரர்களின் தலையணிகளில் கண்ணாடித் துண்டு ஒட்டும் ஓல்மெதோ, கதவோரம் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல். கடிதமும் ஆர்டரும் எழுதுகிற ஃபாபியோலா தன் நாற்காலியை விட்டுவிட்டு, துணிக் குவியலின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். மேசை நடுவில் கூடத்தின் கைபேசி. அதை யாரும் தொடவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அந்தக் கைபேசியை எடுத்துப் பேசியது ஃபாபியோலாதான். நற்கருணைத் திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள். இந்த வருஷச் செலவை ஏற்றிருக்கும் வீட்டிலிருந்து பேசுவதாக ஒருவன் சொன்னான். அந்த வீட்டுக்காரரின் பெயர், அவர் மாமனார் பெயர், எத்தனை மாடு அடிக்கப் போகிறார்கள் என்பதுவரை சொன்னான். ஊர்வல வரிசையில் உங்கள் கூடத்தைச் சேர்க்கிறோம், ஆறு இலக்கத்தில் ஓர் எண் வரும், அதை மட்டும் வாசித்துச் சொல்லுங்கள் என்றான். திருவிழா நடத்துகிற வீட்டுக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் புஹிலி ஊரில் யாருக்கும் கிடையாது. பேனா முனையால் ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டு, நிதானமாக வாசித்தாள். பிழை வரக்கூடாதே என்று இரண்டாம் தடவையும் வாசித்தாள்.

அவ்வளவுதான். கூடத்தின் வாட்ஸப் இந்தக் கைபேசியிலிருந்து போய் வேறு யாருடைய கைக்கோ சேர்ந்துவிட்டது. திரும்ப வாங்க ஏழு நாள் காத்திருக்கச் சொன்னது.

"இந்தா, எனக்கும் வந்திருக்கு," என்று ஓல்மெதோ தன் கைபேசியைத் தூக்கிக் காட்டினான். "'அன்பான வாடிக்கையாளரே, உடுப்பை வீட்டுக்கே கொண்டாந்து தர்றோம், நீங்க இருக்கிற இடத்தை அனுப்புங்க.' நம்ம கூடத்துல இருந்து இவ்வளவு மரியாதையா இதுவரைக்கும் ஒரு வரி போனதில்ல முதலாளியம்மா. இது நாம இல்லன்னு அதுலயே ஊரு கண்டுபிடிச்சிரும்."

"வாய மூடு. ஊரப் பத்தி இப்ப யாரு கவலப்பட்டா?" என்றாள் ஹெர்மெலிந்தா. "மார்லீனுக்கும் இது போயிருக்கும்ல?"

அந்தப் பெயரை யாராவது சொல்லிவிடுவார்கள் என்றுதான் ஃபாபியோலா இவ்வளவு நேரமும் பயந்துகொண்டிருந்தாள். மார்லீன் துறைமுக நகரமான குவயாகிலில் ரொட்டிக்கடை வைத்திருந்தவள். மாமூல் கேட்டு வந்தவர்களைப் போலீசில் காட்டிக்கொடுத்தாள். கடை எரிந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்து, இப்போது மேலே ஒரு கிராமத்தில் இவர்களுக்கு மணி கோத்துக் கொடுக்கிறாள். எந்தக் கிராமம் என்பது இந்த மூவருக்கும் பஸ் ஓட்டுகிற அன்செல்மோவுக்கும் மட்டும்தான் தெரியும். கைபேசியில் ஊர்ப்பெயரை எழுதக்கூடாது என்று ஆரம்பத்திலேயே பேசிவைத்திருந்தார்கள். மற்ற எல்லாமே அதில் இருந்தது. கடை எரிந்த இரவு, மாமூல் கேட்டவர்களின் பெயர்கள், பிள்ளையின் படம். அதை வாசிக்கிறவனுக்கு அந்தக் கும்பலிடம் அவள் எவ்வளவு விலை போவாள் என்று புரிய அரைமணி நேரம் போதும்.

"என் நம்பர்ல இருந்து அவளுக்கு அனுப்பிப் பாத்தேன்," என்றான் ஓல்மெதோ. "ஒத்தக் குறியோட நிக்குது. இன்னும் போய்ச் சேரல."

சேர்ந்தாலும் திறக்கமாட்டாள். அவள் இருக்கும் மலையில் சாதாரண அழைப்பு எடுக்காது. பள்ளிக்கூட வாசலில் மட்டும்தான் இணையம் கிடைக்கும். பஸ் நிற்பதும் அதே வாசலில். கூடத்தின் எண்ணைத் தவிர எது வந்தாலும் தொடாதே என்று அவளை மிரட்டி மிரட்டிப் பழக்கியது ஹெர்மெலிந்தாதான்.

"நான் பஸ்ல போயிட்டு வந்துர்றேன்," என்று ஃபாபியோலா எழுந்தாள்.

"உக்காரு மகளே. வெளிய பாரு," என்றாள் ஹெர்மெலிந்தா.

பூங்காவின் ஓரத்தில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். ஒன்பது மணியிலிருந்து அங்கேதான் நிற்கிறான். யாருக்காகவாவது காத்திருப்பவனாக இருக்கலாம். முகவரி அச்சடித்த கூடத்தின் அட்டை அந்த வாட்ஸப்பின் முகப்புப் படமாகவே இருந்தது.

"நாம போனா அவனுக்கு வழி காட்டுன மாதிரி. பை போகட்டும். செவ்வாக்கிழமைதோறும் போறதுதானே."

செவ்வாய்தோறும் இரண்டு மணி பஸ்ஸில் மார்லீனுக்கு மணிப்பை போகும். வாயை வெள்ளை நூலால் தைத்திருந்தால் புதுவேலை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிக்கலாம். சிவப்பு நூல் என்றால் கோத்ததில் தப்பு, நின்ற இடத்திலேயே பிரித்துப் பார்த்து அதே பஸ்ஸில் பதில் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஃபாபியோலா தாளை எடுத்தாள். வாரந்தோறும் பையில் வைக்கும் சீட்டு அவள் கையெழுத்துதான், மார்லீனுக்கு அது தெரியும். பள்ளியில் கற்றுக்கொடுத்தபடி தேதியும் இடமும் எழுதியவள், ஊர்ப்பெயர் கூடாது என்று நினைவு வந்து தாளையே கிழித்தெறிந்தாள். புதிய தாளில் எழுதினாள்: 'கூடத்திலிருந்து எது வந்தாலும் அது நாங்கள் இல்லை. பதில் போடாதே. கைபேசியை அணைத்துவிடு. பிள்ளையோடு இன்றைக்கே டீச்சர் வீட்டுக்குப் போ. இனிமேல் தாளில் மட்டும்.' பேனா நின்றது. யாரால் என்று எழுதவேண்டிய அவசியம் இல்லை. எழுதினாள்: 'அந்த எண்ணை வாசித்துக் கொடுத்தது நான்தான்.'

ஓல்மெதோ அதை வாசித்தான். அவன்தான் ஊசியில் சிவப்பு நூல் கோத்துக் கொடுத்தான். முதல் தையலிலேயே ஊசி ஃபாபியோலாவின் விரலில் ஏறியது. கடிதத்தை மணிகளுக்கு மேலே வைத்து, பையின் வாயை நெருக்கி நெருக்கித் தைத்து முடிச்சுப் போட்டாள்.

இரண்டு மணிக்கு அன்செல்மோ வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஹார்ன் அடித்தார். "என்னம்மா, சிவப்பு நூலா? பாவம், திட்டு வாங்கப் போறா!" என்று சிரித்துக்கொண்டே பையை வாங்கி, கண்ணாடிக்குக் கீழே மாதா படத்தின் பக்கத்தில் வைத்தார்.

"அவ கையில குடுங்க தாத்தா. அவ கையிலதான். பிரிக்கிற வரைக்கும் நில்லுங்க," என்றாள் ஃபாபியோலா.

அவர் சிரிப்பு நின்றது. தலையை அசைத்தார்.

நாலு மணிக்குப் போய்ச் சேரும். பள்ளிக்கூட வாசலில் மார்லீன் நிற்பாள், ஒரு கையில் கைபேசியோடு. மேலே ஏறும் திருப்பத்தில் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு மறையும்வரை ஃபாபியோலா பார்த்திருந்தாள். பிறகுதான் பூங்காப் பக்கம் திரும்பினாள். ஆரஞ்சுத் தோல் சுருள் சுருளாகத் தரையில் கிடந்தது. அதன் பக்கத்தில் எண்ணெய்த் துளி ஒன்று வெயிலில் மினுங்கியது. மோட்டார் சைக்கிளைக் காணோம்.