மூலை மனைக்கு இரண்டு முன்பக்கம்

1

இந்தக் கதை எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. விஸ்கான்சினில் நான் வெகுகாலமாக இருக்கும் ஹால்வர் க்ரீக் ஊரின் டவுன் ஹாலில், என் தோட்டத்துச் சாமான் கொட்டகைக்கு அனுமதி கேட்டு உட்கார்ந்திருந்தேன். மார்ச் மாதம். எல்லோர் ஷூவிலிருந்தும் சேற்றுப்பனி உருகித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முந்தைய மனு ஆர்லீன் வோல்ட்ஸ் என்ற அம்மாளுடையது. வேலி மனு. சட்டென்று முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

பிறகு ஆர்லீனோடும் அவள் பின்வீட்டுக்காரர் டுவேனோடும் தனித்தனியே காபி குடித்து மீதியைத் தெரிந்துகொண்டேன். அவர்கள் சொல்லாமல் விட்டதை நானே நிரப்பியிருக்கிறேன். நிரப்பிய இடங்களில் முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மெர்வின் வோல்ட்ஸ் காணாமல் போன அன்று காலை

இல்லை. அவர் காணாமல் போகவில்லை. வேலைக்குப் போனார். ஆர்லீன் இந்தத் திருத்தத்தை என்னிடம் இரண்டு முறை சொன்னாள். ஆகவே மறுபடி தொடங்குகிறேன்.

2

ஆர்லீனின் கணவர் மெர்வின் இந்த ஊரின் கட்டட இன்ஸ்பெக்டராக இருந்தவர். வேலி, கொட்டகை, கார் ஷெட் எதுவானாலும் அவர் வந்து டேப்பை நீட்டிப் பார்த்த பிறகுதான். ஓய்வு பெற்ற சில வருஷங்களில் ஞாபகம் உதிரத் தொடங்கியது. முதலில் பெயர்கள், பிறகு கிழமைகள். வேலை மட்டும் போகவில்லை. தினமும் முட்டையும் டோஸ்ட்டும் சாப்பிட்டதும் காக்கி ஜாக்கெட்டை மாட்டிக்கொள்வார்.

"மெர்வ், எங்க கிளம்பிட்ட?"

"க்ராபெக் வீட்டு வேலி. அஞ்சடி வச்சிருக்கான். நோட்டீஸ் குடுத்தும் குறைக்கல."

"அவரு குறைச்சு எத்தனையோ வருஷம் ஆச்சுப்பா."

"நீ போய்ப் பாத்தியா? நான் பாக்கணுமில்ல."

டுவேன் க்ராபெக்கின் வீடு இவர்கள் வீட்டுக்கு நேர் பின்னால்தான். நடுவே ஓர் உயரப் பலகை வேலி. ஆனால் டுவேனின் முன்வாசலுக்குப் போக வேண்டுமானால் தெருமுனையைச் சுற்றி, நெடுஞ்சாலை ஓரமாக நடக்க வேண்டும். பால் டேங்கர்கள் வேகம் குறைக்காத சாலை.

பூட்டைப் போட்டால் மெர்வின் திறந்துவிடுவார். மறித்து நின்றால், "ஆர்லி, எனக்கு நேரமாச்சு" என்று அவளை மெல்ல ஒதுக்கிவிட்டுப் போவார். அவளும் கூட நடந்து பார்த்தாள். முட்டி ஒத்துழைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவர் பத்திரமாகத் திரும்பிவிடுவார். எப்படி என்று ஆர்லீன் யோசிக்கவில்லை. கிடைத்த அதிர்ஷ்டத்தை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. (இந்த வாக்கியம் என்னுடையது. அவள் வெறுமனே தோளைக் குலுக்கினாள்.)

பிப்ரவரியில் ஒருநாள் டேங்கர் ஓட்டுநர் ஒருவர் மெர்வினைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்.

"அம்மா, நான் பாத்துட்டேன். அதனால பிரேக் போட்டேன். பாக்காம இருந்திருந்தா..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

3

இங்கே விதியைச் சொல்லியாக வேண்டும். கதை படிக்க வந்த இடத்தில் சட்டமா என்று கோபிக்காதீர்கள். சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

பின்பக்கத்தில் ஆறடி வேலி வைக்கலாம். தெருவைப் பார்த்த பக்கத்தில் நாலடிக்கு மேல் கூடாது. மூலை மனையென்றால் இரண்டு பக்கமும் தெரு, அதனால் அதற்கு இரண்டு முன்பக்கம். தெருக்கள் சந்திக்கும் முனையில், வண்டி ஓட்டுகிறவர்களின் பார்வையை மறைக்கிற எதுவும் அறவே கூடாது. அவ்வளவுதான்.

வோல்ட்ஸ் வீடு மூலை மனை. நாலடி வேலி மெர்வினுக்கு ஒரு பொருட்டே இல்லை. நல்ல உயரம், கையை அந்தப் பக்கம் விட்டுத் தாழ்ப்பாளை நீக்கிவிடுவார். வீட்டைச் சுற்றி ஆறடி வேண்டும் என்று ஆர்லீன் மனு கொடுத்தாள். கவுண்டரில் இருந்த பெண் மனுவைப் படித்துவிட்டு நிமிரவே இல்லை.

"முடியாதும்மா. விதிவிலக்குக் கேட்டு அப்பீல் போங்க. மன்னிச்சுக்குங்க... இந்த விதியை எனக்குச் சொல்லிக்குடுத்ததே உங்க வீட்டுக்காரர்தான்."

அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அறிவிப்புப் போனது. ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லலாம். டுவேனுக்கும் போனது.

4

டுவேன் க்ராபெக் பழிதீர்க்க நல்ல நாள் பார்த்துக் காத்திருந்

இந்த வரியை இங்கேயே நிறுத்தினேன். முதல் பிரதியில் டுவேன்தான் வில்லன். சீஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒண்டிக்கட்டை, பேச்சு கம்மி. ஒரு கோடை முழுவதும் தானே இழைத்துக் கட்டிய முன்வேலியை மெர்வின் ஓரடி அறுக்க வைத்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. வில்லனுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. அவர் மட்டும் ஒத்துழைக்கவில்லை. இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடியே எழுதுவதென்று முடிவு செய்தேன்.

5

அந்த மார்ச் நாளில் அப்பீலை விசாரித்த குழுவின் தலைவி மார்சி ஹெல்கசன். பள்ளி பஸ் ஓட்டுகிறவள். ஆர்லீன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஆர்லீன், அந்த முனையில நான் தினமும் பஸ்ஸைத் திருப்புறேன். ஆறடிக்குப் பலகை நின்னா, சைக்கிள்ல வர்ற பிள்ளை என் கண்ணுக்குத் தெரியாது."

"தெரியும் மார்சி. டேங்கர்காரர் கண்ணுல மெர்வ் பட்டதே அங்க வேலி இல்லாததாலதான். அந்த விதி இல்லன்னா இவன் இன்னிக்கு இல்ல." ஆர்லீன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நாளைக்கு நான் என்ன பண்ணுவேன்? அதைச் சொல்லுங்க."

அப்போது மெர்வின் எழுந்தார்.

அவரை வீட்டில் தனியே விட முடியாமல் ஆர்லீன் கூட்டி வந்திருந்தாள். அதுவரை சாதுவாக எலுமிச்சை கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், வாயைத் துடைத்துக்கொண்டு, பழைய குரலில் பேசினார்.

"தலைவர் அவர்களே, மூலை மனைக்கு ரெண்டு முன்பக்கம். ஆறடிக்கு வழியில்ல. மனுவைத் தள்ளுபடி பண்ணிடுங்க."

"மெர்வின்," என்றாள் மார்சி மெதுவாக, "இது உங்க வீடு."

"யாரா இருந்தாலும் அதுதான்."

அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆர்லீனின் காதருகே குனிந்து அவர் கேட்டது மூன்றாம் வரிசையில் இருந்த என் காதிலும் விழுந்தது.

"சரியாப் பேசினேனா?"

"சரியாத்தான் பேசின," என்றாள் அவள்.

(இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் முகத்தைப் பற்றியது. நான் அந்த நேரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.)

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. டுவேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆதரவா, ஆட்சேபமா?" என்றாள் மார்சி.

"ரெண்டும் இல்ல. அவன் தினம் எங்க போறான்னு இங்க யாராவது கேட்டீங்களா?"

"எங்க?"

"என் வீட்டுக்கு. வேலியை அளப்பான். நாலடி சரியா இருக்கும். தலையை ஆட்டுவான். திரும்பிப் போயிடுவான். மறுநாள் வருவான்."

ஆர்லீன் திரும்பினாள். "அவனைத் தினம் கொண்டுவந்து விட்டது நீங்களா?"

"விடல. என் பிக்கப் வண்டியில மஞ்ச லைட்டை மினுக்கிக்கிட்டு ஓரமா கூடவே வருவேன். போறப்பவும், வர்றப்பவும்."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நாம பேசிக்கிறதில்லையே."

யாரோ சிரித்துவிட்டு உடனே இருமினார்கள். டுவேன் தரையைப் பார்த்தார். "டேங்கர் வந்த அன்னிக்குப் பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன். அதை நினைச்சா இன்னும் தூக்கம் வரல."

பிறகு தொப்பியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நடுவுல இருக்கிற பின்வேலி என்னுது. அதுல ஒரு கதவு போட்டுடறேன். அவன் அந்த வழியா வந்து அளந்துட்டுப் போகட்டும். ரோட்டுக்கு எதுக்குப் போகணும்?"

குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்சி கண்ணாடியைக் கழற்றினாள்.

"பின்வேலிக் கதவுக்கு எங்க தயவே வேணாம். கவுண்டர்லயே பர்மிட் தருவாங்க."

ஆர்லீன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

டுவேன் ஏன் இதைச் செய்தார்? நேராகவே கேட்டுவிட்டேன். "காலையில அந்த நேரத்துக்கு எனக்கு வேற வேலை இல்ல" என்றார். எழுதுகிறவனுக்கு இந்தப் பதில் போதாது. அறுத்த பிறகு அந்த வேலியைத் தினமும் அக்கறையாகப் பார்க்க வந்த ஒரே ஆள் மெர்வின்தான் என்று ஒரு வரி வைத்திருக்கிறேன். அதை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

6

ஏப்ரலில் கதவு வந்தது. ஆனால் மெர்வினின் கால்கள் முன்வாசலையே தேடின. முதல் நாள் ஆர்லீன் குறுக்கே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது, வீட்டின் பின்கதவைத் தட்டினார் டுவேன்.

"இன்ஸ்பெக்டர் சார், வேலியைக் குறைச்சாச்சு. வந்து பாக்குறீங்களா?"

(அவர்கள் மொழியில் நீ, நீங்க என்ற பிரிவே கிடையாது. முதுகுக்குப் பின்னால் அவன் இவன் என்று பேசிய டுவேன், முகத்துக்கு நேரே சார் என்கிறார். இந்த நீங்க நான் கொடுத்தது. அந்தக் குரலுக்கு வேறு எதுவும் பொருந்தவில்லை.)

மெர்வின் திரும்பினார். "இப்பவாவது வழிக்கு வந்தானே" என்று ஆர்லீனிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் நடந்தார். அன்றிலிருந்து அதுதான் பாதை.

முடிவுக்கு வருகிறேன். கைவசம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: வியாதி வளர்கிறது, ஒரு குளிர்காலத்தில் அவரை மறதி நோயாளிகள் இல்லத்தில் சேர்க்கிறார்கள். இது நடக்கலாம். நடக்கும்போது நடக்கட்டும், நான் எழுதித் தரமாட்டேன்.

இரண்டு: ஒருநாள் மெர்வினுக்குச் சட்டென்று தெளிந்து, டுவேனின் கையைப் பிடித்து, "அன்னிக்கு நான் கொஞ்சம்

வேண்டாம். டுவேனே இதைப் படித்தால் முகம் சுளிப்பார்.

மூன்றாவது நான் போன வாரம் கண்ணால் பார்த்தது. தெருமுனையில் கார் நின்றபோது, திறந்த ஜன்னல் வழியே பாதிதான் பார்த்தேன், கேட்டேன். லைலாக் செடி பூத்திருந்தது. டுவேனின் புல்வெளியில் மூவரும் நின்றிருந்தார்கள். ஆர்லீன் கையில் இரண்டு காபிக் கோப்பை, ஒன்று டுவேனுக்கு.

"பனி கொட்டினா இந்தக் கதவு திறக்காது," என்றார் டுவேன்.

"அப்ப கழட்டிடுங்களேன்."

"கதவையா?"

"கதவை மட்டும் எதுக்கு? வேலியையே."

டுவேன் ஒரு வாய் காபி குடித்தார். வேலியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார்.

"பிரிக்கிறதுக்குப் பர்மிட் வேணுமா?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மெர்வினைப் பார்த்தார்கள். மெர்வின் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். முகத்தை நேராக்கிக்கொண்டார். கதவை ஒரு முறை, ஆர்லீனை ஒரு முறை பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் என் கார் தெருமுனை தாண்டிவிட்டது. அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை நீங்கள் எழுதுங்கள். ஆர்லீன் சத்தமாகச் சிரித்தது மட்டும் எனக்குக் கேட்டது.