இமை இல்லாத ஷிப்ட்

மதியம் இரண்டு மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்ததும், சலவைக்கூடத்தின் கண்காணிப்பாளர் தன் இடது கண்ணைக் கழற்றி, உப்புத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளரில் போட்டு, கடிகாரத்துக்குக் கீழே இருந்த பலகையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். "நீ வீட்டுக்குப் போனாலும் ஒரு கண்ணு இங்க இருக்கணும்மா" என்று பதவி கொடுத்த அன்று மேனேஜர் சொல்லியிருந்தார். அவள் சொன்னதைச் செய்கிறவள். பதவி கிடைத்ததே அதனால்தான். முதல் தடவை கொஞ்சம் எரிந்தது. இஸ்திரி மேசைப் பெண்கள் ஒரு நிமிடம் தம்ளரைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிப் போர்வைகள் குவிந்துகொண்டிருந்தன. திரும்பி வேலையைப் பார்த்தார்கள்.

அவளுக்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு மேஸ்திரி இருந்தார். இரண்டு கண்களையும் முகத்திலேயே வைத்துக்கொண்டு, தொண்டையால் வேலை வாங்கியவர். அவர் போனபோது அந்தச் சொல்லும் அவரோடு போயிற்று. அறைக் கதவில் 'கண்காணிப்பாளர்' என்று எழுதினார்கள். முதலாளி மாறியதும் அதை அழித்து 'மேற்பார்வையாளர்' என்றார்கள். அவருடைய மகன் வந்ததும் 'ஒருங்கிணைப்பாளர்' ஆயிற்று. சொல் நீண்டது. தம்ளர் அதேதான். அக்கா என்று கூப்பிட்டவர்கள் மேடம் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் வேறொரு பெயர் இருந்தது. கண்ணுக்குக் காது கிடையாது என்றாலும், மிஷின் இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகிய கூடம் அது. அவளும் அந்த மேசையில் நின்றவள்தான். ஒருநாள் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, வலது கண் கலங்க, கூடத்திலிருந்த இடது கண்ணால் பார்த்தாள். "ஒத்தக்கண்ணு" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் போர்வையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். இரண்டாவது ஷிப்டில் வேலை செய்த அவளுடைய தங்கையும் சிரித்தாள்.

கண்ணை விட்டுவிட்டு வந்தாலும் இமை அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதுதான் சங்கடம். படுத்து இமைகளை மூடினால் வீடு மறையும், கூடம் மறையாது. இரண்டாவது ஷிப்ட் முடிந்த பிறகும் திருட்டுப் பயத்துக்காக அங்கே விளக்குகள் எரிந்தன. காலி மேசைகளை விடியும்வரை மேற்பார்வை செய்தாள். சாப்பிடும்போது திடீரென்று, "ஓரம் சேரல, பிரிச்சு மடி" என்பாள். பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வந்த கணவன், "என்னைச் சொல்றியா, அங்க யாரையாச்சும் சொல்றியா?" என்று கேட்பான். சில வருஷங்களில் கேட்பதை விட்டுவிட்டு, அவள் எது சொன்னாலும் பொதுவாகத் தலையாட்டினான். மகள் வளர்ந்து கல்யாணமாகிப் போனாள். அந்தக் கல்யாணத்தையும் அவள் ஒரு கண்ணால்தான் பார்த்தாள். இன்னொரு கண்ணில் தலையணை உறைகள் மலையாகக் கிடந்தன.

தங்கை அவள் இடுப்பில் வளர்ந்தவள். வீட்டில் அக்கா அவளைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். கூடத்தில் தங்கைக்கும் அவள் மேடம்தான். ஒரு வெயில் காலத்தில் தங்கையின் கால்கள் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கின. கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது என்பது விதி. ஒரு பிற்பகல் தங்கை பலகையருகே வந்து தம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்போடு ஒரு கட்டைவிரல் தெரிந்தது. தலையணை உறை ஒன்று தம்ளர் மேல் இறங்கியது. இடது கண் இருட்டிவிட்டது. வீட்டில் துவைத்த துணியை எடுத்துக்கொண்டிருந்த அக்கா கொடியைப் பிடித்தபடியே சரிந்து, துணிக் குவியலில் தூங்கிப்போனாள். கணவன் வந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். அவள் விழித்தபோது உறை நீங்கியிருந்தது. எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். போர்வைகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. மறுநாளும் அப்படியே நடந்தது. அக்காவும் தங்கையும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கண்டும் காணாமல் இருப்பது சிலருக்குக் கஷ்டம். அவளுக்கு அது சுலபமாக அமைந்தது.

மழை பிடிக்கும்வரை இந்த ஏற்பாடு ஓடியது. ஒருநாள் மேனேஜர் சொல்லாமல் வந்து, துணி மூட்டைகள் மேல் பெண்கள் உட்கார்ந்திருப்பதையும், தம்ளர் முகத்தை மூடிக்கொண்டிருப்பதையும் பார்த்தார். அவள் வீட்டுக்குப் போன் போட்டார். கணவன் எடுத்து, "தூங்குறா சார்" என்றான், பெருமையாக.

மறுநாள் காலை எல்லோரையும் வரவழைத்தார். "கண்ணு கடைசியா யாரைப் பாத்துச்சு? அதை மட்டும் சொல்லு. அவளை அனுப்பிட்டு நாம வேலையைப் பாப்போம்."

தங்கை வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"யாரையும் பாக்கல சார். நான்தான் மூடச் சொன்னேன்" என்றாள் அக்கா.

"ஒருங்கிணைப்பாளரே இப்படிச் செய்யலாமா?"

"தூக்கம் வந்துச்சு சார்."

அன்றே அவளை இரண்டாவது ஷிப்டுக்கு, இஸ்திரி மேசைக்கு அனுப்பினார்கள். மேனேஜர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "தங்கச்சிதானே நீ? வீட்டுலயே பாத்துப் பழகியிருப்பே" என்று தங்கையை அந்த இடத்தில் வைத்தார். தங்கை அழுதாள். ஆனால் மாட்டேன் என்று சொல்லும் பழக்கம் அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. கதவில் 'குழுத் தலைவி' என்று எழுதினார்கள். தங்கை தம்ளரைக் கழுவி உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

"முதல்ல கொஞ்சம் எரியும்" என்றாள்.

வீட்டில் இப்போது அக்காவுக்கு எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. தட்டும் சுவரும் கணவனும். இரண்டு கண்ணாலும் பார்த்தபோது அவன் கூச்சப்பட்டான். "என்ன, என்னையேவா பாக்குற?" என்று கேட்டு, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டான். படுத்தால் இருட்டாக இருந்தது. அக்கா லீவு போட்டிருந்த ஒரு பிற்பகலில் தங்கை அடுத்த தெருவிலிருந்து வந்து உட்கார்ந்து, யாரும் இல்லாத மூலையைப் பார்த்து, "சும்மா நிக்காதீங்க, ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மாதத்தில் தம்ளரிலிருந்த தங்கையின் கண்ணில் சிவப்பு நரம்புகள் ஓடின. ஒரு பிற்பகல் மேசைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக, தங்களோடு நின்ற அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, வெகுநாளைக்குப் பிறகு, அக்கா என்று கூப்பிட்டாள். அக்கா இஸ்திரிச் சூடு ஆறாத ஒரு தலையணை உறையை எடுத்துக்கொண்டு பலகையருகே போனாள். கண்ணுக்குக் கேட்காது. அதனால் தம்ளருக்கு நேரே முகத்தை வைத்து, உதட்டை நிறுத்தி நிறுத்தி அசைத்தாள்.

"கொஞ்ச நேரம் மூடட்டுமா, கண்ணு?"