ஆத்தா வந்த வீடு

செங்கோடனைப் பாயில் வைத்துச் சுருட்டும்போது மாரக்காள் வாயைத் திறந்தாள். புருஷன் போய்விட்டானே என்று கதறத்தான் திறந்தாள். அதற்குள் செங்கோடனின் அண்ணன் அர்த்தநாரி கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"அழுவாத அம்முணி. ஆத்தா வந்த ஊட்டுல அழப்படாது. அவ கூட்டிக்கிட்டுப் போயிருக்கா."

வந்திருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். பறை இல்லை, ஒப்பாரி இல்லை. வேப்பிலையைப் பரப்பிப் பாயைக் கட்டித் தூக்கிப் போனார்கள்.

பதினோரு நாளாக அந்த வீட்டில் காய்ச்சல் என்ற சொல்லைக்கூட யாரும் எடுக்கவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறாள், விளையாடுகிறாள். இவ்வளவுதான் பேச்சு. மாரக்காளும் அப்படியேதான் பேசினாள். பேசிப் பேசி, சீழ் கட்டிய கொப்புளங்கள் அவள் கண்ணுக்கு முத்தாகவே தெரிந்தன. கையெடுத்துக் கும்பிட்டாள். பாயோடு தோல் ஒட்டிக்கொண்டு வந்த அன்றுகூட, ஆத்தாளுக்கு என்ன குறை வைத்தோம் என்றுதான் யோசித்தாள். வீடு தேடி வந்தவளை விரட்ட யார் வைத்தியரைக் கூப்பிடுவார்கள்?

இப்போதுதான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தை மாதம் அம்மை குத்துகிறவர் இந்த வாசலுக்கே வந்தார். ஆத்தாளுக்கு எதிராக ஊசியா என்று செங்கோடன் சோளக்காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டான். ஊரில் இல்லை என்று கூசாமல் பொய் சொன்னவள் மாரக்காள்தான். ஐந்து வயது மகள் ராசாத்தியைக் குதிருக்குள் உட்காரவைத்து மூடியதும் அவள்தான்.

புதைத்துவிட்டுத் திரும்பியவர்கள் வாசலோடு நின்றார்கள். ஆத்தா குளிர்ந்துவிட்டாள், இனி ஒரு குறையும் வராது என்றார் அர்த்தநாரி.

"ஆத்தா குளிரலீங்க மாமா. அவரு செத்துப்போனாரு."

"வாயக் கட்டு அம்முணி."

"வைசூரி வந்து செத்துப்போனாருங்க. அது நோவு. முத்து முத்துன்னு சொல்லியே என்ற கண்ண நானே கட்டிக்கிட்டனுங்க."

வைசூரி என்ற சொல்லை அந்த வாசலில் யாரும் கேட்டதில்லை. நாலு பேரும் நாலடி பின்னால் போனார்கள். வானம் இடிந்து விழும் என்று பார்த்தார்களோ என்னவோ, வேப்பமரத்துக் காக்கைகூட அசையவில்லை.

ஆட்டையாம்பட்டிச் சாவடியில் இன்று பொழுது சாயும்வரை அம்மை குத்துவார்கள் என்று முந்தாநாளே தண்டோரா போட்டிருந்தார்கள். மாரக்காள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு அர்த்தநாரி வீட்டுக்கு நடந்தாள். செங்கோடன் படுத்த நாளிலிருந்து ராசாத்தி அங்கேதான் இருந்தாள். அர்த்தநாரி ஓட்டமாக வந்து படியை மறித்தார். தம்பியைக் கொடுத்தது போதாதா, பிள்ளையையும் கோபத்துக்குக் காவு கொடுக்கப் போகிறாயா என்று கேட்டார். அவருக்கும் அந்தப் பிள்ளை உயிர்தான்.

"கோவமிருந்தா என்ற மேல வரட்டுமுங்க. நான் பெத்த புள்ள, வழிய உடுங்க."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, சாவடியில் தை மாதம் வந்த அதே ஆள்தான் உட்கார்ந்திருந்தார். ஈரச் சேலையையும் வெறும் நெற்றியையும் பார்த்தார். அன்றைக்கு ஊரில் இல்லை என்றாயே, அந்த ஆள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. பிள்ளையின் கையைத் துடைத்து ஊசியை எடுத்தார்.

ஊசி கீறியதும் ராசாத்தியின் உடம்பு தூக்கிப் போட்டது. சத்தம் மட்டும் வரவில்லை. மறு கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"கையெடு சாமி."

"அழுதா ஆத்தா கோவிச்சுக்கும்னு பெரியப்பன் சொன்னாரு."

"ஆத்தா இல்ல சாமி, இது ஊசி. ஊசின்னா வலிக்கும். வலிச்சா அழு."

ராசாத்தி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு வீறிட்டாள். சந்தைக்குப் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மாரக்காள் அந்தச் சின்னக் கையை ஆடாமல் பிடித்தபடி, காலையில் திறந்த வாயை மறுபடியும் திறந்தாள்.