நாற்பத்திரண்டாவது நாவல்

கொல்ம் ஓ டார்கான் நாற்பத்தொரு நாவல் எழுதியவர். எல்லாம் ஐரிஷ் மொழியில். கொலை, காதல், காணாமற்போன வாரிசு என்று பஸ்ஸில் படித்து முடித்துவிடக்கூடிய மெல்லிய புத்தகங்கள். அந்த மொழியில் கதை படிக்கிறவர்களே கொஞ்சப்பேர்; அந்தக் கொஞ்சப்பேரும் அவரைத்தான் படித்தார்கள். வயதான காலத்தில் மகள் நோராவை நம்பி மொன்றியலுக்கு வந்து, புவாண்ட்-கிளேரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். காலையில் மூன்று பக்கம் எழுதாமல் வாய் கொப்பளிக்கமாட்டார்.

அவரைக் குளிப்பாட்டுவதும் உடுப்பு மாற்றுவதும் அக்னெசின் வேலை. லவாலில் இருக்கும் தங்கை ஜொய்சி தொலைபேசியில் முதலில் கேட்பது அவரைத்தான்.

"உன்ரை கிழவன் இண்டைக்கு ஆரைக் கொலை செய்தவராம்?"

"ஒரு பாங்க் மனேச்சரை."

"நல்லது. எங்கடை மனேச்சரின்ரை பேரையும் ஒருக்காச் சொல்லிவிடு."

2007 ஏப்ரலில் ஒருநாள், அக்னெஸ் அவருடைய காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கொல்ம் தன் தம்பி ஓவனைப் பற்றிச் சொன்னார். தம்பிக்கு எட்டு வயது. ஏரியில் படகு கவிழ்ந்தது. தான் திரும்பிப் பாராமல் நீந்திக் கரையேறியதாகவும், தேடினேன், காணவில்லை என்று வீட்டில் பொய் சொன்னதாகவும், இதுவரை யாருக்கும் சொல்லவில்லை என்றும் சொன்னார். கண் கலங்கியிருந்தது. அக்னெஸ் அழுதாள்.

பிறகு தன்னுடையதைச் சொன்னாள். தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரில் பேசாலைக் கரை; சண்டைக்குத் தப்பி இந்தியாவுக்குப் போகும் படகு. கோயில் மண்டபத்தில் பதினாலு வயது ஜொய்சி காய்ச்சலோடு கிடந்தாள். எத்தனை பேர் என்று படகோட்டி கேட்டான். நான் மட்டும்தான் என்றாள் அக்னெஸ். ஒரு இடம்தான் இருந்தது என்று பிறகு எல்லோருக்கும் சொன்னாள். அகதி முகாமில் நாலு வருடம் கிடந்த ஜொய்சிக்கு அந்தக் காய்ச்சலோடு ஒரு காது போனது. அக்காதான் பிறகு கனடாவுக்கு எடுப்பித்தாள் என்று ஜொய்சி இன்றைக்கும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாள்.

பங்குச் சாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல அக்னெசால் முடிந்ததில்லை. அவரும் தமிழர், திரைக்குப் பின்னால் இருந்தாலும் அவளுடைய இருமலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். ஜொய்சியின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அவரே. இந்தக் கிழவரோ அவளுக்குத் தெரிந்த ஒருவருக்கும் தெரியாத மொழியில் வாழ்கிறவர். அவரிடம் சொன்னது குழி தோண்டிப் புதைத்ததுபோல் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, பதினேழு வருடங்களுக்குப் பிறகு, சொல்லாத பாவத்தோடு வாங்கக்கூடாது என்று விட்டிருந்த நற்கருணையை எழுந்து போய் வாங்கினாள். பக்கத்தில் இருந்த ஜொய்சி அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினாள். அன்று முதல் அக்னெஸ் ஓவனுக்காக வாரம் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள்.

அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் நோரா ஒரு புத்தகத்தோடு வந்தாள். அப்பாவின் நாற்பத்திரண்டாவது. போர் நடக்கும் தீவு, இரண்டு சகோதரிகள், ஒரு படகு. கதையில் தங்கை செத்துப்போகிறாள். வாசகர்களுக்கு அப்படித்தான் பிடிக்குமாம். ஆங்கிலத்திலும் வரப்போகிறது, மொன்றியலிலேயே வெளியீடு, நீயும் கட்டாயம் வரவேண்டும் என்று நோரா சந்தோஷத்தோடு சொன்னாள்.

அக்னெஸ் புத்தகத்தைத் திருப்பி அட்டையைப் பார்த்தாள். ஓவனுடைய கதையையும் எழுதியிருக்கிறாரா என்று கேட்டாள்.

நோரா சிரித்துவிட்டாள். "அந்தத் தம்பியா? அப்பா ஒற்றைப் பிள்ளை. அது அவர் தூண்டிலில் குத்துகிற புழு. என் அம்மாவிடம் செத்தது தங்கை என்று சொன்னார். ஒரு பாதிரியாரிடம் அண்ணன் என்றார். அப்படித்தான் எல்லாக் கதையும் பிடித்தார்."

மத்தியானச் சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்வரை அக்னெஸ் பொறுத்திருந்தாள்.

"உங்களுக்குத் தம்பி இருந்தானா?"

அவர் மழுப்பவில்லை. "இல்லை. ஆனால் நீ அவனுக்காக அழுதாய். அந்த அழுகையும் பொய்யா?"

தன் கதையை அவர் எடுத்ததைவிட அக்னெசுக்கு இதுதான் சுட்டது. இல்லாத பிள்ளைக்கு ஒன்றரை வருடம் செபித்திருக்கிறாள். பாவம் இறங்கிவிட்டது என்று நினைத்து நடந்த நாட்கள் முழுவதும் அது ஒரு வியாபாரியின் கூடைக்குள் இருந்திருக்கிறது. அவருடைய சட்டைப் பொத்தான்களை வழக்கம்போலப் பூட்டினாள். விரல்கள் மட்டும் அவருடைய தோலில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

புத்தகம் ஜொய்சியிடம் போவதற்கு முன் தான் போகவேண்டும். வேலை முடிந்ததும் நேரே பஸ் ஏறி, மாறி லவாலுக்கு மெற்றோ எடுத்தாள்.

ஜொய்சி பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். அக்னெஸ் கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு, இருக்காமலே சொன்னாள்.

"படகிலை இன்னொராளுக்கு இடம் இருந்தது, ஜொய்சி. ஓட்டி கேட்டவன். நான்தான் ஒராள் எண்டு சொன்னனான்."

கத்தி நின்றது. ஜொய்சி அழவுமில்லை, ஏசவுமில்லை. இப்போது ஏன் சொல்கிறாய் என்றுதான் கேட்டாள். அக்னெஸ் புத்தகத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னாள்.

"அந்தாளுக்கு எப்ப சொன்னனி?"

"போன வருஷம் ஏப்ரல்."

ஜொய்சி மனதுக்குள் எதையோ தேடிப் பார்ப்பவள்போல் இருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நினைவு வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் உனக்குப் பக்கத்திலைதானே இருந்தனான், அக்கா."

பிறகு எழுந்து கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அக்காவின் கோட்டை எடுத்து வந்து அவளுடைய கையில் கொடுத்தாள்.