‘பத்தல’ என்றாள், எது என்று சொல்லவில்லை

1

இந்தக் கதை பிறந்தது ஒரு ஒர்க்‌ஷாப் பெஞ்சில். எங்கள் பழைய பிக்கப் வண்டிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டும் என்று கேட்கப் போயிருந்தோம், நானும் கணவரும். எங்களுக்கு முன்னால் ஒருவருடைய வேன். மெக்கானிக் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகிவிட்டு, “பத்தல!” என்று கத்தினார். பெட்ரோல் கேனோடு வெளியே நின்ற வேன்காரர் பதறிப்போய், “இன்னும் எவ்வளவு ஊத்தணும்?” என்றார்.

“ஐயோ, ஊத்தாதீங்க! தீ பத்தலங்க, தீ!”

என் கணவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. தீப்பிடிக்காததற்கும் போதாததற்கும் நம்மிடம் ஒரே சொல். இதை வைத்து ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிடலாமே என்று தோன்றியது. (எனக்குத் தொழில் அது. கவிழ்ப்பது, பிறகு நிமிர்த்துவது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில் அவள் ஜன்னலோரம்

[வேண்டாம். என் கதைகளில் வருஷம் முழுக்க மழை. “உன் ஊர்ல எப்படித்தான் துணி காயுது?” என்று கணவர் கேட்டுவிட்டார்.]

அடுத்து: “காதலித்து மணந்தவர்களுக்கும் ஒரு நாள் வருகிறது, அப்போது

[எப்போது? எனக்கே தெரியவில்லை.]

சரி, நேராகவே சொல்கிறேன். அவன் தச்சன். அவள் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாள். பூச்செடி, பழக்கன்று, வேலிக்கு வைக்கிற செடி எல்லாம் விற்பாள். இரண்டு தொழிலுக்கும் சேர்த்து ஒரே பிக்கப். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பெரியவர்’. “பெரியவர் இன்னிக்கு எந்திரிக்க மாட்டேங்கிறார்”, “பெரியவருக்கு ஆயில் குடுக்கணும்” என்று மரியாதையாகத்தான் பேசுவார்கள். ஒருவருக்கொருவர் அந்த அளவு மரியாதை இல்லை. ஆனால் பிரியம் இருந்தது.

அவன் அக்காவுக்கு அலமாரி அடித்துக் கொடுக்க அடுத்த ஊருக்கு பஸ் ஏறிப் போகிறான். போவதற்கு முன், இரவெல்லாம் உழைத்து அவளுடைய நாற்றுத் தட்டுகளுக்கு ஒரு மர அடுக்கு செய்து வைத்துவிட்டுப் போகிறான். அவன் கிளம்புகிற நேரத்தில் அவள் அதைப் பார்த்தாள். “நகர்த்தி வைங்க, தண்ணி படும்” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை, ஏற்ற வேண்டிய கன்றுகள் ஏறியாகிவிட்டது, வண்டி கிளம்பவில்லை. அவள் அவனுக்குக் குரல் செய்தி அனுப்புகிறாள். அதை மட்டும் அப்படியே தருகிறேன்:

“பத்தவே இல்ல. எவ்வளவு பண்ணாலும் பத்தல. இதுக்கு மேல இழுத்துக்கிட்டு இருக்க முடியாதுங்க. மாத்திட வேண்டியதுதான். வந்ததும் பேசிக்கலாம்.”*

* எழுவாயைச் சொல்லாமலே முழு வாக்கியம் பேசிவிடலாம் நம் மொழியில். தோன்றா எழுவாய் என்று பள்ளிக்கூடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். வீட்டுக்குள் அது என்னென்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

3

கதையை நிறுத்திவிட்டு, ஒர்க்‌ஷாப்பில் கிடைத்த பதிலைச் சொல்லிவிடுகிறேன். முதல் பத்தியில் பிளக்கைப் பார்த்துவிட்டு அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிற யாராவது இருந்தால் ஏமாறக் கூடாது.

சாதாரண பிளக் என்றால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று கையேட்டில் இருக்கும். விலை கூடிய ரகம் அதைவிட வெகுதூரம் தாங்கும். “ஆனா அது நல்லா இருக்கிற இன்ஜினுக்கு மேடம்,” என்றார் மெக்கானிக். “உங்க வண்டி ஆயில் குடிக்குது. கிட்டக்கிட்ட ஓடி ஓடி நிக்குது. கணக்கு பாக்காதீங்க, சர்வீஸுக்கு வரப்பல்லாம் கழட்டிப் பாத்துடணும். முனை தேஞ்சிருந்தாலோ கரி புடிச்சு ஈரமா இருந்தாலோ மாத்திடணும்.”

[இந்த இடத்தில் பிளக்கையும் தாம்பத்தியத்தையும் ஒப்பிட்டு ஒரு அழகான பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அதற்குள் நீங்களே ஒப்பிட்டிருப்பீர்கள்.]

4

அக்கா வீட்டில் அவன் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். அவள் போன் செய்தால் எடுப்பதில்லை. அலமாரி வேலை முடிந்தும் ஊர் திரும்பவில்லை. சும்மா இருக்க முடியாமல் அக்கா வீட்டுக் கதவுகளைக் கழற்றி இழைக்கத் தொடங்குகிறான்.

“ஏன்டா, பெண்டாட்டி மேல கோவம்னா எங்க வீட்டுக் கதவு என்னடா பண்ணுச்சு? இன்னும் ரெண்டு தரம் இழைச்சா பல்லு குத்தத்தான் ஆகும்!”

“இறுக்கமா இருந்துச்சுக்கா.”

“நீதான் இறுக்கமா இருக்க. என்ன சொன்னா அவ? போனைக் குடு, நான் கேக்கறேன்.”

கொடுக்கமாட்டான். போதாதவன் என்று பெண்டாட்டி சொன்னதை அக்கா காதுக்கு எப்படிக் கொடுப்பான்? அக்கா ஒருமுறை கேட்டிருந்தால், “டேய், இது வண்டிடா!” என்று தலையில் தட்டி, கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அத்தான் வேறு விதமாக உதவினார். தூரத்து ஊரில் ஒரு பர்னிச்சர் கம்பெனியில் வேலை. தங்க இடமும் உண்டு. “இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு மாப்ள.” அவன் சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறான்.

இந்தத் தச்சனை நான் நம்புகிறேனா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதற்கா ஊரை விட்டுப் போவான்? பிறகு புரிந்தது. தப்பாகக் கேட்டது வேடிக்கை. கேட்டதும் நம்பிவிட்டான் பாருங்கள், அது வேடிக்கை இல்லை. எப்போதோ சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தவன் மாதிரி நம்பிவிட்டான்.

5

முடிவு ஒன்று: மெக்கானிக் அவனுக்குப் போன் செய்து,

[கூடாது. அவருக்கு வேறு வேலை இருக்கிறது.]

முடிவு இரண்டு: அவன் கம்பெனிக்குப் போகிறான், வருஷங்கள் ஓடுகின்றன, ஒரு ரயில் நிலையத்தில்

[மன்னிக்கவும். இதை எழுதினால் எனக்கே தூக்கம் வராது.]

முடிவு மூன்று. இதில் அவளே வருகிறாள். பிற்பகலில் தெருமுனையில் ஒரு சத்தம்: டுக்கு டுக்கு டுக்… டுக்கு. அவன் உளி அப்படியே நிற்கிறது. ஒரு பிளக் செத்துவிட்டது என்று அவனுக்குக் காதிலேயே தெரியும். அந்த ஒன்று இல்லாமலே இவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்கிறாள்!

வாசலில் வண்டி குலுங்கி நின்றது. மடியில் புது பிளக் பெட்டியோடு இறங்கினாள்.

“மூணு பழையதைக் கழட்டி மாத்திட்டேன். கடைசி ஒண்ணு மூலைல ஒளிஞ்சிருக்கு. என் கை போகல, உங்க கைதான் போகும்.”

“இதுக்கா இவ்வளவு தூரம்?”

“அதான் அன்னிக்கே சொன்னேனே! பத்தல, மாத்தணும்னு. போனை எடுத்தாத்தானே!”

அவன் பானெட்டுக்குள் குனிந்தவன் நிமிரவே இல்லை. காது மட்டும் சிவந்துபோயிற்று.

“மாப்ள, கம்பெனிக்காரங்க லைன்ல இருக்காங்க!” என்று உள்ளேயிருந்து அத்தான்.

“இருக்கட்டும் அத்தான். வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“என்ன கம்பெனி?” என்றாள் அவள். அவன் பிளக்கைக் கழற்றத் தொடங்கினான். பானாவில் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. “சரி, அது கிடக்கட்டும். நீங்க ஏன் போனை எடுக்கல?”

6

இங்கேதான் நிற்கிறேன்.

“சார்ஜ் இல்ல” என்று அவன் சொல்லலாம். அவள் நம்புவாள். இருவரும் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். அதுவும் நல்ல முடிவுதான், அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த நம்பிக்கைக் குறைவு அவனோடேயே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அல்லது, தான் எதைக் கேட்டான் என்பதைச் சொல்லலாம். அவள் முதலில் சிரிப்பாள். அது நிச்சயம், இவளை எனக்குத் தெரியும். சிரித்து முடித்த பிறகு அவள் முகம் என்னவாகும் என்று மட்டும் தெரியவில்லை. நல்லதாகத்தான் ஆகும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் அவனுக்காக நான் பேச முடியாது. முயன்று பார்த்தேன், ஒவ்வொரு வாக்கியமும் என் குரலில் வருகிறது.

பழைய பிளக் வெளியே வந்துவிட்டது. கரியாகி, ஈரமாக, அவன் உள்ளங்கையில் கிடக்கிறது. அவள் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறான், வாயைத் திறக்கிறான்.

அவன் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லுங்கள். மனசுக்குள் வேண்டாம்; வீட்டில் பக்கத்து அறையில் யாராவது இருந்தால், அவர்களுக்குக் கேட்கிற மாதிரி.