எதிர்பாராத விருந்தாளியின் தட்டு

என் நாத்தனார் தனுதாவின் வகுப்பில்தான் என் மகள் யாக்னா படிக்கிறாள். ஊரில் வேறு மழலையர் பள்ளி இல்லை, எங்கள் தலைவிதி. ஆறு வயதுக் குழந்தையைப் பெரிய பள்ளிக்கு அனுப்பலாமா என்று எழுதிக் கொடுப்பதும் தனுதாதான். அனுப்பக் கூடாது என்றே எழுதப்போவதாகக் குளிர் தொடங்கியதிலிருந்து மிரட்டிக்கொண்டிருந்தாள்.

யாக்னாவுக்கு எண்ண வராதாம். இரண்டு வரிசை அவரைக்கொட்டையைக் காட்டி எது அதிகம் என்று கேட்டால் வாயே திறப்பதில்லையாம். வீட்டில் பட்டனையும் கரண்டியையும் ஜோடி சேர்த்து, எந்தப் பக்கம் மிச்சமோ அதுதான் அதிகம் என்று நான் காட்டியதை நொடியில் பிடித்துக்கொண்ட பெண் அவள். அத்தையைக் கண்டால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கே அப்படித்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை விருந்து வழக்கம்போலத் தனுதா வீட்டில். பீட்ரூட் சூப்பும் கெண்டை மீனும் அடுப்பில் தயாராக இருந்தன. எங்கள் ஊர் வழக்கப்படி வானத்தில் முதல் நட்சத்திரம் தெரியும்வரை யாரும் சாப்பிடக் கூடாது. அந்த நேரத்தை அவள் சும்மா விடுவாளா?

"யாக்னா, இங்க வா. நாம எத்தனை பேரு?"

"நாலு."

"அப்ப தட்டு வை, பார்ப்போம்."

யாக்னா ஒவ்வொரு நாற்காலியாகத் தொட்டுத் தொட்டு நான்கு தட்டு வைத்தாள். "சமம்" என்றாள்.

தனுதா என்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். "பார்த்தியா மிலா? ஒண்ணு குறையுது! கிறிஸ்துமஸ் விருந்துல திடீர்னு வர்ற விருந்தாளிக்கு ஒரு தட்டு கூட வைக்கணும்னு பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி என் மானத்தை வாங்கப்போறியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயெடுப்பதற்குள் யாக்னா பேசிவிட்டாள்.

"போன வருஷம் ஒரு தட்டு அதிகமாத்தான் இருந்துச்சு அத்தை. கார் நின்னுபோச்சுன்னு ஒரு மாமா கதவைத் தட்டினாரு. அவரு உட்கார்ந்திருந்தா ஆளும் தட்டும் சமமாகியிருக்கும். நீங்கதான் இடமில்லன்னு கதவைச் சாத்திட்டீங்க. இடமில்லன்னா எதுக்குத் தட்டு?"

என் கணவர் லெஷெக் இல்லாத இருமலை இருமினார். தனுதாவின் முகம் சூப்பைவிடச் சிவந்தது.

"எண்ணத் தெரியுது, சரி. வாய்தான் கூடிப்போச்சு. மன்னிப்புக் கேட்கச் சொல்லு மிலா. கேட்டா, போகலாம்னு எழுதித் தரேன். இல்லன்னா இன்னொரு வருஷம் என் வகுப்புலயே கிடக்கட்டும்."

"ஒரு வார்த்தைதானேம்மா, கேட்டுடு" என்றார் லெஷெக் மகளிடம்.

யாக்னா என்னைப் பார்த்தாள். கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் செப்டம்பரில் பெரிய பள்ளிக்குப் போகிறார்கள். இவளும் புதுப் பையை இப்போதே மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் சுற்றுகிறாள். அப்படியும், அவள் உதடு பிரிவதற்குள் நான் அவள் தோளைப் பிடித்தேன்.

"கேட்காதே" என்றேன். பிறகு தனுதாவிடம் திரும்பினேன். "உங்க வகுப்புலயே இருக்கட்டும் அண்ணி. நீங்க இன்னும் எத்தனை பேருக்குக் கதவைச் சாத்துறீங்கன்னு எண்ணிக்கிட்டே இருப்பா."