வெளுத்த பாதங்கள்

மாலதி டெல்லியில் பயங்கரவாதத் தடுப்புக் கொள்கை ஆய்வாளராகப் பதினான்கு வருடங்களாக வேலை பார்க்கிறாள். பிச்சாவரத்தை ஒட்டிய மீனவக் குப்பத்தில் பிறந்து, சிதம்பரத்தில் படித்தவள். கடலோரப் பாதுகாப்பு பற்றி அவள் எழுதிய அறிக்கைகள் சுற்றிச் சுற்றி ஒன்றையே கேட்டன: மீனவர் யாரையாவது சந்தேகப்பட்டு போன் செய்தால் தமிழ் தெரிந்தவர் எடுக்க வேண்டும், உடனே ஆளை அனுப்ப வேண்டும்.

"மிதக்கிற கட்டைக்கெல்லாம் போன் பண்ணுவாங்க" என்று ஒரு கூட்டத்தில் அதிகாரி ஒருவர் சிரித்தார்.

"பண்ணட்டும் சார். கட்டைதான்னு பாத்துட்டு வந்துடலாம்" என்றாள் மாலதி.

ஆறு வருடம் அலைந்த பிறகு கடலூர் மாவட்டத்துக்கு மட்டும் சோதனையாக அனுமதி கிடைத்தது. கடலூர் முதுநகரில் ஓர் அறை, இரண்டு போன், எடுத்துப் பேச சிந்துஜா என்ற பெண். அந்த வாரமே பாதுகாப்பு ஒத்திகை வந்தது. போலீஸ்காரர்கள் சிலர் தீவிரவாதிகளாக வேடமிட்டுக் கடல் வழியே நுழைய வேண்டும். மற்றவர்கள் பிடிக்க வேண்டும். அதைப் பார்க்க மாலதியும் வந்திருந்தாள்.

முதல் நாள் இரண்டு அழைப்புகள். ஒன்று செத்துமிதந்த மாடு, இன்னொன்று அறுந்துவந்த மிதவை. அறைக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர் ஜெயப்பிரகாஷ் இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டார். மாலதிக்கு அந்தக் கூட்டத்து அதிகாரியின் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு போன் அடித்தது. சிந்துஜா ஸ்பீக்கரில் போட்டாள்.

"கிள்ளை பஸ் ஸ்டாப்புல நாலு பேரு நிக்கிறாங்கம்மா. படகுலேருந்து எறங்குனாங்க. பரங்கிப்பேட்டை மீன்காரங்களாம். எனக்கு நம்பிக்கையில்ல."

"ஏம்மா?"

"பாதத்தப் பாரேன். மொகம் கருகிக் கெடக்கு, பாதம் மட்டும் வெள்ளவெளேர்னு இருக்கு. ஒரு வெடிப்பு இல்ல. ஷூ போடுற காலும்மா. கடலுக்குப் போறவன் எவன் ஷூ போடுறான்?"

குரலைக் கேட்டதுமே மாலதிக்குத் தெரிந்துவிட்டது. மீன்கூடை சுமந்து விற்கும் அவளுடைய சித்தி மங்கலம். சொன்னால் ஏற்பாடு செய்த அழைப்பு என்று நினைப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஜெயப்பிரகாஷ் கிள்ளையில் நின்ற ஜீப்புக்குத் தகவல் சொன்னார். பதினைந்தே நிமிடத்தில் நால்வரும் பிடிபட்டார்கள். அவர்கள் பையில் 'வெடிகுண்டு' என்று காகிதம் ஒட்டிய டப்பா இருந்தது. பஸ் வந்தும் அவர்களால் ஏற முடியவில்லையாம்; வாசலை அடைத்துக் கூடையை வைத்திருந்தாள் மங்கலம்.

"நாங்க போலீஸுதாம்மான்னு கெஞ்சுனாங்க. தீவிரவாதியும் அப்பிடித்தான சொல்லுவான்? விடல" என்று அவள் சொன்னதை ஜீப்காரர் போனில் ஒப்பித்தபோது அறையே சிரித்தது. அப்போதுதான் மாலதி, "அவுங்க என் சித்தி சார்" என்றாள்.

"மொதல்லியே சொல்லியிருந்தா ஜீப்ப இன்னும் வேகமா அனுப்பியிருப்பனே" என்றார் ஜெயப்பிரகாஷ்.

சாயங்காலம் சிதம்பரத்தில் சித்தியைப் பார்த்தாள். இருவரும் மேலவீதிக் கடையில் தோசை சாப்பிட்டார்கள்.

"போன் எடுக்க ஒரு ஆள வக்கிறதுக்கா இத்தினி வருஷம் படிச்ச?"

"ஆமா சித்தி. ஜாஸ்திதான்."

"பரவால்ல. எடுத்த உடனே பேசுனாங்க. ஹிந்தியில ஏதோ சொல்லிட்டு வச்சிருவாங்கன்னு நெனச்சேன்."

டெல்லியில் கேட்ட எந்தப் பாராட்டும் மாலதிக்கு இவ்வளவு இனித்ததில்லை. இன்னொரு தோசை சொன்னாள்.